மண் தின்னும் பிள்ளைக்கு என்ன குறை?

சென்ற மாதம் செஞ்சிக்கு மேற்கே ஒரு காலனிக்குப் போயிருந்தேன். பட்டா விவகாரமாகப் பேசத்தான் போனேன். பேசிக்கொண்டிருந்த வீட்டுத் திண்ணையோரம் ஒரு பெண் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. பதினோரு மாதம் என்றார்கள். சுவரில் பெயர்ந்திருந்த மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டது. பாட்டி ஓடிவந்து விரலை விட்டு வழித்தெடுத்தார். திரும்பிப் போனதும் மறுபடியும் அதே சுவர், அதே மண்.

"இதே வேலதாம்மா இதுக்கு. எந்நேரமும் மண்ணு. அடிச்சாலும் கேக்கறதில்ல" என்றார் பாட்டி.

குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய இடம் வெள்ளைத்துணி போல இருந்தது. நாக்கும் உள்ளங்கையும் வெளிறியிருந்தன. நான் மருத்துவர் இல்லை. தமிழ் படித்தவள். ஆனால் இருபது வருடமாகக் காலனி காலனியாகப் போய் வருகிறவளுக்கு இந்த வெளுப்பு பழகிய வெளுப்பு. வீட்டுக்குள் மாடத்தில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. கீழே போட்டால் ஓசை வரும் அளவுக்குக் காலி.

சாயங்காலம் குழந்தையின் அம்மா களை எடுத்துவிட்டு வந்தார். வயது இருபத்திரண்டு இருக்கும். "பால் பத்தலக்கா. நாத்து நடவு ஆரம்பிச்சப்போ புள்ளைக்கி ரெண்டு மாசம். காலையில போனா மூணு மணிக்குத்தான் வருவேன். அதுக்கப்புறம் சொரக்கவே இல்ல. டப்பா வாங்கறோம். நாலு கரண்டி போடச் சொல்லி எழுதியிருக்கு. நாங்க ரெண்டு போடுவோம். இல்லன்னா வாரம் ஓடாது."

இந்த நான்கு வரிக்குள் ஒரு குழந்தையின் ரத்தக்கதை முழுக்க இருக்கிறது. அதை விரித்துச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

இரும்பு எங்கிருந்து வருகிறது?

நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். அதன் நடுவில் இருப்பது இரும்பு. மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து போகும் வேலை அதனுடையது. இரும்பு குறைந்தால் பிராணவாயு குறையும். குழந்தை சோர்ந்து கிடக்கும், பசிக்காது, அடிக்கடி காய்ச்சலும் சளியும் வரும், எடை ஏறாது. மண், சாம்பல், சுண்ணாம்பு, சிலேட்டுக் குச்சி என்று தின்னத் தோன்றும். அது குறும்பு அல்ல. இரும்பு குறைந்த உடம்பு காட்டும் அடையாளங்களில் ஒன்று.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, தாயின் வயிற்றிலிருந்தே ஓர் இரும்புக் கையிருப்போடு வருகிறது. முதல் நான்கு முதல் ஆறு மாதம் வரை பெரும்பாலும் அந்தக் கையிருப்பில்தான் ஓடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவுதான். ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம்கூட இருக்காது. ஆனால் அதில் ஏறக்குறையப் பாதியைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்ளும். இரும்பு சேர்த்த டப்பா பாலில் ஒரு லிட்டருக்குப் பன்னிரண்டு மில்லிகிராம் வரை போடுகிற நாடுகள் உண்டு. ஆனால் அதில் உடம்பில் சேர்வது பத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. ஆகவே "தாய்ப்பாலில் இரும்பு இல்லை, டப்பாவில்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அது பாதிக் கணக்கு.

மீதிக் கணக்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு கையிருப்பு தீர்ந்துவிடும். குழந்தையோ வேகமாக வளர்கிறது. அப்போது தாய்ப்பால் மட்டும் போதாது. இரும்புள்ள இணை உணவும் இரும்புச்சத்து மருந்தும் சேர்ந்தே ஆக வேண்டும். "ஒரு வயசு வரைக்கும் பால் மட்டும் போதும்" என்று நம் வீடுகளில் சொல்வதும் தவறுதான்.

கையிருப்பிலேயே குறைவோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. குறைமாதத்தில் பிறந்தவை, எடை குறைந்து பிறந்தவை, ரத்தசோகை முற்றிய தாய்க்குப் பிறந்தவை. ஒன்பதாம் மாதம் வரை செங்கல் சூளையிலும் வயலிலும் நிற்கிற பெண்ணின் குழந்தை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடுகிறது.

கணக்கெடுப்பு சொல்வது

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் இது 58.6 விழுக்காடு. தமிழ்நாட்டில் 50.7ஆக இருந்தது 57.4ஆக ஏறியிருக்கிறது. மருத்துவக் கட்டமைப்பில் முன்வரிசை என்று பெருமைப்படும் மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளின் ரத்தம் வெளுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. வெளிறிய தாய், வெளிறிய பிள்ளை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளிடம் இந்தக் குறை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதையும் இந்தக் கணக்கெடுப்புகள் காட்டிவந்திருக்கின்றன.

ரத்தம் ஏறினாலும் ஏறாத ஒன்று

"ரத்தக் குறைதானே, டானிக் குடித்தால் சரியாகிவிடும்" என்று நாம் நினைக்கிறோம். ரத்தம் சரியாகிவிடும். மூளை?

முதல் இரண்டு வருடத்தில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. நரம்புகளுக்கு உறை பின்னுவதற்கும், நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் ரசாயனங்களைச் செய்வதற்கும் இரும்பு வேண்டும். அந்தக் காலத்தில் கிடைக்காத இரும்பு பிறகு கிடைத்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள, பெட்சி லோசாஃப் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகாவில் 185 குழந்தைகளைப் பத்தொன்பது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வை நான் படித்தபோது இரவு தூக்கம் வரவில்லை.

சோகை இருந்த குழந்தைகளுக்குச் சிகிச்சையும் தரப்பட்டிருந்தது. ஆனாலும் சிசுப்பருவத்தில் நீடித்த இரும்புக்குறையோடு இருந்தவர்கள், நல்ல இரும்புச்சத்தோடு இருந்தவர்களைவிட அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியே இருந்தார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அந்த இடைவெளி எட்டு ஒன்பது புள்ளிகள். பத்தொன்பது வயதுவரை அப்படியே நின்றது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் தொடக்கத்தில் பத்துப் புள்ளியாக இருந்த இடைவெளி, பத்தொன்பது வயதில் இருபத்தைந்து புள்ளியாக விரிந்துவிட்டது.

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரே குறை. வசதியுள்ள வீட்டில் அது ஒரு தழும்பாக நின்றுவிடுகிறது. வசதியில்லாத வீட்டில் வருடா வருடம் வளர்கிறது. புத்தகமும் விளையாட்டுப் பொருளும் பேச்சுக்கொடுக்க ஓய்வுள்ள பெற்றோரும் அமைந்த வீடு, மூளை இழந்ததில் கொஞ்சமாவது ஈடுகட்டிவிடுகிறது. கூரை ஒழுகும் வீட்டில் அந்த ஈடு கிடைப்பதில்லை.

"காலனிப் பசங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று ஆசிரியர் வாயால் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த ஆய்வைப் படித்த பிறகு, அந்தச் சொல்லைச் சொன்னவர்கள்மீது வந்த கோபத்தைவிட, ஒரு சொட்டு மருந்தில் தடுத்திருக்கக்கூடியதை நம் பிறப்பின்மேல் ஏற்றிவைத்துவிட்டார்களே என்ற வேதனைதான் பெரிதாக இருந்தது.

டப்பா பாலின் கதை

டப்பா பாலில் இரும்பு சேர்ப்பது நல்ல காரியம்தான். அதன் பலனும் கண்கூடு. அமெரிக்காவில் 1970களில் ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இரும்பு சேர்த்த பாலையும் தானிய உணவையும் அரசே இலவசமாகத் தரத் தொடங்கியது. சில மாநிலங்களின் ஏழைக் குழந்தைகளிடம் 1975இல் 7.8 விழுக்காடாக இருந்த ரத்தசோகை 1985இல் 2.9ஆகக் குறைந்தது. அதை எட்ட வைத்தது டப்பா மட்டுமல்ல. அது ஏழையின் கைக்குக் காசில்லாமல் வந்ததும், கரைப்பதற்குக் குழாயில் நல்ல தண்ணீர் வந்ததும் சேர்ந்துதான்.

இரும்பை ஏற்றிக்கொண்டே போனால் நல்லதா? அதுவும் இல்லை. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1990களில், ஆறு மாதத்தில் ரத்தசோகை இல்லாத குழந்தைகளுக்கு இரண்டு விதப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் லிட்டருக்கு 12.7 மில்லிகிராம் இரும்பு, மற்றதில் 2.3 மில்லிகிராம். பத்து வயதில் 473 பிள்ளைகளைச் சோதித்தபோது, அதிக இரும்புப் பால் குடித்தவர்கள் சில திறன்களில் சற்றுக் குறைந்தே மதிப்பெண் பெற்றார்கள். குறிப்பாக, ஆறு மாதத்திலேயே ஹீமோகுளோபின் நன்றாக இருந்த குழந்தைகளுக்கு அதிக இரும்பு நன்மை செய்யவில்லை. விளிம்பில் இருந்த குழந்தைகளுக்கோ அதே பால் கைகொடுத்தது. 2012இல் இது வெளியானது. ஆகவே டப்பாமேல் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து "இதில் சத்து அதிகம்" என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இல்லாத குழந்தைக்குக் கொடுக்க வேண்டும். இருக்கிற குழந்தைக்கு அளவோடு கொடுக்க வேண்டும். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லும், விளம்பரம் சொல்லாது.

நம் காலனி வீட்டுக்கு வருவோம். நான்கு கரண்டிக்குப் பதில் இரண்டு கரண்டி போட்டால் இரும்பும் பாதி, மற்றச் சத்துகளும் பாதி. வயிறு தண்ணீரால் நிரம்பும், குழந்தை அழுகையை நிறுத்தும், வளர்ச்சியும் நிற்கும். கரைக்கிற தண்ணீர் எப்படிப்பட்டது என்பது அடுத்த கேள்வி. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது, குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. குடிக்கும் தண்ணீருக்கே உத்தரவாதம் இல்லாத தெருவில் புட்டிப்பால் எப்படிப் பாதுகாப்பாகும்? வயிற்றுப்போக்கு வந்தால் இருக்கிற சத்தும் போய்விடும். பசும்பால் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்கக் கூடாது. அதில் இரும்பு மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கசிவையும் அது உண்டாக்கும்.

சட்டம் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 1992இல் நாடாளுமன்றம் இயற்றி 2003இல் திருத்திய குழந்தைப் பால்பொருள் சட்டப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான டப்பா பாலையும் டப்பா உணவையும் புட்டிகளையும் விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசோ கமிஷனோ தரக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படம் போடக் கூடாது. என் அண்ணன் மகளுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் பிரசவம் ஆன இரண்டாம் நாளே, பால் சுரக்கும் முன்பே, இன்ன டப்பா வாங்குங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் சொன்னா புரியாது" என்று பதில் வந்தது. எந்த ஆளுங்க என்று அந்தம்மாவும் சொல்லவில்லை. எங்களுக்குக் கேட்கவும் தேவையிருக்கவில்லை.

டப்பா பாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாயை இழந்த குழந்தை உண்டு. மருத்துவக் காரணத்தால் தாய்ப்பால் கொடுக்க முடியாதவர்கள் உண்டு. அவர்கள் டப்பாவில் எழுதிய அளவு குறையாமல், கொதித்து ஆறிய தண்ணீரில், புட்டியைவிட எளிதில் கழுவக்கூடிய பாலாடையிலோ கிண்ணத்திலோ கொடுக்கலாம். மற்றவர்கள் டப்பாவுக்குத் தள்ளப்படுவது ஏன் என்பதுதான் என் கேள்வி.

விடுப்பு யாருக்கு?

தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு, சம்பளத்தோடு. அது சரியானது, வரவேற்க வேண்டியது. தொழிற்சாலை, நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டப்படி இருபத்தாறு வாரம். நாற்று நடுகிற பெண்ணுக்கு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தவணைகளாகப் பணமும் பெட்டகமுமாக ரூ.18,000. அதுவும் எல்லாத் தவணையும் வந்து சேர்ந்தால். வங்கிக் கணக்கு, ஆதார், பதிவு எண் என்று ஏதாவது ஒன்று பொருந்தாமல் நின்றுபோன விண்ணப்பங்களோடு என்னிடம் வரும் பெண்கள் ஏராளம்.

நடவுக்குப் போன அந்தப் பெண்ணுக்குத் தாய்ப்பாலின் அருமை தெரியாமல் இல்லை. மார் கட்டி வலித்து, வரப்பில் உட்கார்ந்து பீய்ச்சித் தரையில் விட்டதாகச் சொன்னார். அன்றைக்குக் குழந்தை வீட்டில் தண்ணீர்ப்பால் குடித்துக்கொண்டிருந்தது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். சப்பாமல் போனால் வற்றும். அந்தப் பாலை வற்ற வைத்தது விடுப்பில்லாத வேலை.

நம்மிடம் இருக்கும் இரும்பு

காசு கொடுத்து வாங்க வேண்டாத இரும்பு ஒன்று இருக்கிறது. 2018இல் தொடங்கிய ரத்தசோகை இல்லா இந்தியா திட்டப்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை ஒவ்வொரு குழந்தைக்கும் வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்புச்சத்து மருந்து இலவசம். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கர்ப்பத்தில் 180 நாள், பாலூட்டும்போது 180 நாள் தாய்க்கு மாத்திரை. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். மருந்து குடித்தால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது நிறுத்தி, சரியானதும் தொடங்க வேண்டும். பாட்டிலைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். அளவுக்கு மேல் குடித்தால் இரும்பும் விஷம். எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம்வரை காத்திருக்கக் கூடாது. மருத்துவர் முன்னதாகவே தொடங்குவார்.

பிரசவ அறையிலும் ஒரு வழி இருக்கிறது. குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை அவசரமாக வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுத்தால், நஞ்சுக்கொடியிலிருக்கும் ரத்தம் குழந்தைக்கு வந்து சேரும். உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கும் முறை. ஒரு காசு செலவில்லை.

அங்கன்வாடி சத்துமாவில் தானியம், பருப்பு, வெல்லத்தோடு நுண்சத்துகளும் சேர்த்துத் தருகிறார்கள். பல வீட்டில் அது மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. கெட்டியாகக் கூழ் காய்ச்சி ஊட்டினால் பிள்ளைக்கு உதவும். கீரையோ பருப்போ கொடுக்கும்போது இரண்டு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். இல்லையென்றால் கொய்யாப்பழம் மசித்துக் கொடுங்கள். இரும்பு உடம்பில் சேர அது உதவும். டீத்தண்ணி மட்டும் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். அது இரும்பைச் சேரவிடாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசுவோம். கீரையில் இருக்கும் இரும்பைவிட இறைச்சியில் இருக்கும் இரும்பு எளிதாக உடம்பில் சேரும். ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல், மாட்டுக்கறி என்று நம் பாட்டிமார் சமைத்ததெல்லாம் இரும்பு நிறைந்த உணவு. பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் ஆய்வுக்கூடம் போனதில்லை. அந்த உணவைத்தான் நாற்றம் என்றும் இழிவு என்றும் சொல்லிச் சொல்லி, நம்மில் படித்தவர்களே ஒளித்துச் சாப்பிடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு நன்றாக வேகவைத்து மசித்த ஈரலை வாரம் ஒரு நாள் கொஞ்சமாக ஊட்டலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேட்க வேண்டியவை

கல்லூரிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரும்புச்சத்து மருந்து வீட்டுக்கு வந்ததா, கடைசியாக எப்போது வந்தது, ஹீமோகுளோபின் பார்த்தார்களா, சத்துமாவு முழு அளவு கிடைக்கிறதா, அங்கன்வாடி காலனிப் பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டோடு அடுத்த கிராமசபைக்குப் போங்கள். வேலைக்குப் போகும் தாய் நடுவில் வந்து பால் கொடுக்க, வேலையிடத்துக்குப் பக்கத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். வாயால் சொன்னால் காற்றில் போகும். எழுதிக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் குழந்தையை மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ஹீமோகுளோபின் 7.6. பதினொன்றுக்குக் குறைந்தாலே சோகை என்பது கணக்கெடுப்பின் அளவுகோல். மருத்துவர் எடைக்கு ஏற்ப மருந்து எழுதினார். பூச்சி மருந்து எப்போது தர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். மூன்று வாரம் கழித்துப் போனேன். திண்ணையோரச் சுவர் அப்படியேதான் இருந்தது. பிள்ளை அதன் பக்கம் போகவில்லை. பாட்டி மடியில் உட்கார்ந்து, மசித்த கொய்யாவை முகமெல்லாம் பூசிக்கொண்டிருந்தது.

இமையை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் சிவப்பு வந்திருக்கிறது. முழுதாக வர இன்னும் மாதங்கள் ஆகும். அதே தெருவில் இன்னும் ஒன்பது குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் இமையை இதுவரை யாரும் இழுத்துப் பார்த்ததில்லை.